புயல் அக்கரையில் ஏறி இக்கரையில் இறங்கும்

2020 டிசம்பர் 2ஆம் தேதி ராத்திரி புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே இலங்கையில் ஏறியது. தீவைக் குறுக்கே கடந்து மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்குப் பக்கத்தில் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. புயல் என்ற பட்டம் போய் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இளைத்த பிறகும் ராமநாதபுரம் கரையை விட்டு நகர்வதாக இல்லை. தங்கச்சிமடத்தில் நாங்கள் படகை மேலே இழுத்துக் கட்டி, தகரக் கூரை மேல் மணல் மூட்டை ஏற்றி, மெழுகுவத்தி, பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கரண்ட் இல்லாத வீட்டில் வானத்தைப் பார்த்தபடி காத்திருந்தோம். மழை போய்க் கொட்டியதோ இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சிதம்பரத்திலும் கொள்ளிடத்திலும்.

"மாப்பிள்ளை நம்ம வீட்டுல, பந்தி மட்டும் அடுத்த ஊருலயா" என்றார் சித்தப்பா. அப்புறம் அவர் கேட்டதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஏன்டா, மாலத்தீவுக்காரன் பேரு வச்சான், இலங்கைக்காரன் அடி வாங்குனான், டில்லிக்காரன் செய்தி சொன்னான், நாம படகைக் கட்டுனோம். இதுல யாரு யாருக்குச் சொல்றது, யாரு கேக்குறது?"

நியாயமான கேள்வி. பெயரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் டீக்கடையில் முதலில் அடிபடுவது அதுதான். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் புயல்களுக்கு 13 நாடுகள் பெயர் கொடுக்கின்றன: இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து, பாகிஸ்தான், ஈரான், ஓமன், கத்தார், சவுதி, அமீரகம், ஏமன். 2020-இல் ஒவ்வொரு நாடும் 13 பெயர் கொடுக்க, மொத்தம் 169 பெயர் கொண்ட பட்டியல் வந்தது. புரெவி மாலத்தீவு கொடுத்தது, நிவர் ஈரான் கொடுத்தது, 2018-இல் வேதாரண்யத்தைப் புரட்டிப்போட்ட கஜா இலங்கை கொடுத்தது. "இலங்கைக்காரன் ஆனையை அனுப்பிட்டான்" என்று அப்போது ஒரு பேச்சு ஓடியது ஞாபகம் இருக்கலாம். பெயர் விஷயம் இவ்வளவுதான், வரிசைப்படி அடுத்த பெயர், அதற்கு மேல் ஒரு அர்த்தமும் இல்லை.

பெயருக்குக் கீழே இருக்கிற ஏற்பாடுதான் முக்கியம். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானை, அதாவது இன்றைய வங்கதேசத்தை, போலா புயல் அடித்தது. கடல் எழும்பி வந்து குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. புயல் வருவது தெரியாமல் இல்லை, தெரிந்தது கரைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான், 1972-இல், உலக வானிலை அமைப்பும் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐ.நா. ஆணையமும் சேர்ந்து வங்கக் கடல், அரபிக் கடல் நாடுகளுக்கென்று ஒரு புயல் குழுவை உருவாக்கின. இன்று அந்த 13 நாடுகள் உட்கார்ந்திருப்பது இந்தக் குழுவில்தான். அந்த ஏற்பாட்டின்படி, இந்தக் கடல்களில் எங்கே புயல் உருவானாலும் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு வலு, எந்தப் பக்கம் போகும் என்று எல்லா நாட்டுக்கும் சொல்ல வேண்டிய பொறுப்பு டெல்லியில் உள்ள வானிலை மையத்துக்கு. சண்டையோ சமாதானமோ, பாகிஸ்தானுக்கும் டெல்லியிலிருந்து புயல் அறிக்கை போகும். அரசியல்வாதிகள் கைகுலுக்காத நாட்களிலும் வானிலைக்காரர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

டெல்லிக்கு எப்படித் தெரியும்? பாம்பனில் இருக்கிற வானிலை ஆய்வுக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8:30-க்கு மழைமானியில் நின்ற தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். ஏன் 8:30, ஏன் 8 மணி இல்லை, 9 மணி இல்லை என்று சின்ன வயதில் எனக்கு ஒரு குழப்பம். கிரீன்விச் கணக்கில் அது சரியாக 3 மணி. உலகம் முழுக்க ஒரே நொடியில் அளந்தால்தான் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க முடியும். அதனால் பாம்பனில் அளக்கிற அதே நேரத்தில் மன்னாரிலும் அளப்பார்கள், கடிகாரமும் இரண்டு கரையிலும் ஒன்றுதான். காற்றழுத்தம், காற்றின் திசை, வேகம், வெப்பம், மழை எல்லாம் எண்களாக மாறி, முன்னால் நிலையத்தின் எண்ணைச் சுமந்துகொண்டு கிளம்பும். பாம்பனின் எண் 43363, மன்னாரின் எண் 43413. உலக வானிலை அமைப்பு நாட்டுக்கு நாடு எண் பிரித்துக் கொடுத்தபோது நாமும் இலங்கையும் ஒரே 43-இல் விழுந்தோம். அந்த எண்கள் உலகத் தொலைத்தொடர்பு வலையில் ஏறினால் டோக்கியோவில் இருக்கிறவரும் லண்டனில் இருக்கிறவரும் எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ரெடிங்கில் தலைமையகம் வைத்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் கணிப்பு மையம் இருக்கிறதே, நம் ஊர் வானிலை ஆர்வலர்கள் 'ஐரோப்பிய மாடல் இப்படிச் சொல்லுது' என்று படம் போடுவார்களே, அந்தக் கணக்குக்குள் பாம்பனின் காற்றழுத்தமும் ஒரு துளி.

மேலே இருந்து பார்க்கிறதிலும் கதை அப்படித்தான். இஸ்ரோவின் இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியில் போனது, அதற்கு முன்னால் போன 3டிஆர் இருக்கிறது. ஐரோப்பியர்களும் தங்கள் மீட்டியோசாட் வரிசையில் ஒரு செயற்கைக்கோளை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே நிறுத்தியிருக்கிறார்கள். கடலில் மிதக்கும் ஆர்கோ கருவிகள், பல நாடுகள் போட்ட மிதவைகள், கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கடல் சூடுதான் புயலுக்குச் சோறு.

சரி, இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. ராமநாதபுரம் கரைக்கு மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது, நான் சொல்ல வந்ததே அதைத்தான். சென்னைக்கும் நாகைக்கும் புயல் நேராகக் கடலிலிருந்து வரும். நமக்கு வருவதில் பெரும்பாலானவை இலங்கையை மிதித்துவிட்டுத்தான் வரும். நதிக்கு மேல்மடை, கீழ்மடை என்று சொல்கிற மாதிரி சொன்னால், புயலுக்கு நாம் கீழ்மடை, திருகோணமலையும் வவுனியாவும் மன்னாரும் மேல்மடை. மேல்மடைக்காரன் வாய் திறந்தால்தான் கீழ்மடைக்காரனுக்குப் பிழைப்பு.

1964 அதற்குச் சாட்சி. அந்தமானுக்குத் தெற்கே டிசம்பர் 17 வாக்கில் பிறந்த தாழ்வு, பெரும் புயலாகி, 22ஆம் தேதி வவுனியா வழியாக அன்றைய சிலோனைக் கடந்து, அன்று ராத்திரியே பாக் நீரிணைக்குள் இறங்கி தனுஷ்கோடியை அடித்தது. அந்தக் கரையில் ஏறியதற்கும் இந்தக் கரையில் விழுந்ததற்கும் நடுவே இருந்தது சில மணி நேரம்தான். கம்பியும் கம்பமும் சாய்ந்துபோன அந்த ராத்திரியில் அந்த மணி நேரங்களை இங்கே யாரும் பயன்படுத்திக்கொள்ள வழியில்லை. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடி ஸ்டேஷனைப் பார்க்கவே இல்லை, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் எடுத்துக்கொண்டது. 1914-இலிருந்து கப்பல் ஏறி தலைமன்னார் போன துறைமுகம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, சர்ச், எல்லாம் ஒரே ராத்திரியில் போனது. பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் சரிசெய்து ரயில் விட்டார், ஆனால் ஊரை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. இன்றைக்கு அரிச்சல்முனைக்கு ஜீப்பிலும் பஸ்ஸிலும் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கு அந்த இடிந்த சர்ச் ஒரு பின்னணி. அங்கே நிற்கும்போது போனில் இலங்கை டவர் எட்டிப் பார்க்கும், தலைமன்னார் அவ்வளவு பக்கம், முப்பது கிலோமீட்டர் வரும்.

புயல் எந்த வழியாக வருகிறது என்பது இங்கே இன்னொரு விதத்திலும் உயிர்ப் பிரச்சினை. மாவட்டத்தின் கடற்கரை 237 கிலோமீட்டர் போல, தமிழ்நாட்டுக் கரையில் ஏறக்குறைய கால்வாசி. ஆனால் அது ஒரே கடலைப் பார்த்த கரை இல்லை. தொண்டி, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம் பக்கம் பாக் நீரிணை, ஆழம் குறைந்த கலங்கல் கடல். கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடா, கொஞ்சம் உள்ளே போனாலே ஆழம். ராமேஸ்வரம் தீவு நடுவில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு இரண்டையும் பிரிக்கிறது. புயலைச் சுற்றிக் காற்று நம் பக்கத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். புயல் நமக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா வழியாகப் போனால் பாக் நீரிணையில் காற்று கிழக்கிலிருந்து அடித்து, அந்த ஆழமில்லாத கடலை அப்படியே தள்ளிக்கொண்டு வந்து தொண்டிக் கரையில் கொட்டும். தட்டில் இருக்கிற கஞ்சியை ஊதிப் பார்த்தால் தெரியும், அந்தப் பக்கம் ஏறும். ஆழமான பாத்திரத்தில் அது நடக்காது. புயல் வடக்கே, வேதாரண்யம் வழியாகப் போனாலோ காற்று மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், தண்ணீர் உள்வாங்கிப் படகெல்லாம் சேற்றில் உட்காரும். உடனே வாட்ஸாப்பில் 'சுனாமி வரப்போகுது, ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கியது' என்று ஒரு வீடியோ கிளம்பும், அதைப் பார்த்துவிட்டு வெளியூர் உறவினர் எல்லாம் போன் போடுவார்கள். காற்றும் நீரோட்டமும் மாறும்போது மண்டபம் பக்கம் கடல் உள்வாங்குவது ஒன்றும் அதிசயம் இல்லை.

ஆக, புயலின் பாதை ஐம்பது கிலோமீட்டர் வடக்கே தள்ளினால் ஒரு கரைக்கு ஆபத்து, தெற்கே தள்ளினால் இன்னொரு கரைக்கு. ஒரு நாள் முன்னதாகச் சொல்லும் கணிப்பில் அந்த அளவு பிசகு வருவது இன்றும் சாதாரணம். எந்தப் பக்கம் படகைக் கொண்டு போவது என்பதை பாம்பன்காரர்கள் கடைசி நேரத்தில்தான் முடிவு செய்ய முடிகிறது. வாடைக் காலத்தில் வடக்குக் கடல் கொந்தளித்தால் தெற்குக் கரையில் உள்ள தெற்குவாடிக்கும் குந்துகாலுக்கும் கொண்டுபோவார்கள், தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்றில் தலைகீழ். நடுவில் பாலம், பாலத்துக்கு அடியில் கால்வாய், அதில் நீரோட்டம். இந்த முடிவை எடுக்க உதவுவது ஐரோப்பிய மாடல் இல்லை. திருகோணமலையில் ஏறிய புயல் இப்போது, இந்த மணிக்கு, வவுனியாவுக்கு வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா, மன்னாரில் காற்று எந்தத் திசைக்கு மாறியது என்கிற செய்திதான். அந்தச் செய்தி இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை 43413 என்ற எண்ணோடு வலையில் ஏறி, சென்னைக்கும் டெல்லிக்கும் போய், அங்கே பொதுவான அறிக்கையாகி, சுற்றிக்கொண்டு பாம்பனுக்கு வரும்போது அதில் மன்னார் இருக்காது. 'தமிழகக் கடலோரப் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் பலத்த காற்று வீசக்கூடும்' என்று இருக்கும்.

பொய் இல்லை, தப்பும் இல்லை. ஆனால் சித்தப்பா கேட்பது ஒன்று, அதில் இருப்பது இன்னொன்று. அவர் கேட்பது கடல் எத்தனை அடி ஏறும், எந்தப் பக்கம் ஏறும், எத்தனை மணிக்கு. இந்த மாதிரிச் சொல்வதைத்தான் வானிலைக்காரர்கள் 'பாதிப்பு அடிப்படையிலான முன்னறிவிப்பு' என்கிறார்கள், உலக வானிலை அமைப்பு எல்லா நாட்டையும் அதை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. தமிழக அரசு 2018-இல் கொண்டுவந்த டிஎன்-ஸ்மார்ட் அந்த வகைதான். அதை உருவாக்க உதவியது தாய்லாந்தில் இருந்து இயங்கும் ரைம்ஸ் என்ற அமைப்பு. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 2009-இல் வைத்துக்கொண்டது அது, சுனாமிக்குப் பிறகு பிறந்த யோசனை.

சுனாமி என்று வந்துவிட்டால் நம் கரை ஒரு கடனை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், கன்னியாகுமரியில் செத்தார்கள், ராமநாதபுரம் பெரிய அளவில் தப்பியது. காரணம் இலங்கை குறுக்கே நின்றது. சுமத்ராவில் எழும்பிய அலையை அவர்களுடைய கிழக்குக் கரையும் தெற்குக் கரையும் நெஞ்சில் வாங்கியது, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர் போனது. நாங்கள் அன்று காலை திருப்பலிக்குப் போய்விட்டு வந்து டிவியில் பார்த்தோம்.

அன்று இந்தியப் பெருங்கடலுக்கு என்று ஒரு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. பசிபிக்குக்கு இருந்தது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 2005-இல் கூட்டம் கூட்டியது. 2007-இல் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2011-இலிருந்து இந்தியா, இந்தோனேசியா, ஆஸ்திரேலியா மூன்றும் இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளுக்கெல்லாம் எச்சரிக்கை கொடுக்கின்றன. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது முதல் பெரிய பரீட்சை. நல்லவேளை, அலை பெரிதாக இல்லை. நில அதிர்வுக் கருவி இந்தோனேசியாவில், கடல்மட்டக் கருவி பல நாட்டுத் துறைமுகங்களில், கணக்கு ஹைதராபாத்தில், சைரன் கரையில். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் சைரன் வெறும் தகரம்.

அதே இன்காய்ஸ்தான் கள்ளக்கடலையும் சொல்கிறது. மழை இல்லை, புயல் இல்லை, வானம் பளிச்சென்று இருக்கும், திடீரென்று கடல் ஏறி வந்து வலையையும் வாசலையும் நனைத்துவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, அண்டார்டிகா பக்கக் கடலில் அடித்த காற்றின் அலை நாலைந்து நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். சொல்லாமல் கொள்ளாமல் திருடன் மாதிரி வருவதால் கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர். யுனெஸ்கோ 2012-இல் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது, கடற்கரைக்காரன் சொல் உலக அகராதிக்குப் போன அபூர்வமான சம்பவம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்தபோது இந்த எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் இருந்தது, கரையில் கால் நனைத்தவர்களிடம் இல்லை.

இந்தக் கடைசி அடி தூரத்தில்தான் எல்லாம் தடுக்கி விழுகிறது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பாருங்கள், 1 முதல் 11 வரை. ஒன்றும் இரண்டும் என்றால் தூரத்தில் ஏதோ இருக்கிறது. மூன்றும் நாலும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். ஐந்து முதல் ஏழு வரை அபாயம், புயல் துறைமுகத்துக்கு இடது பக்கமா, வலது பக்கமா, மேலேயேவா என்பதைப் பொறுத்து எண் மாறும். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, இனி உன் பாடு. கப்பல் மாலுமிகளுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட கணக்கு இது. டிவியில் 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றம்' என்று சொல்லும்போது பாதிப் பேர் அதைக் காய்ச்சல் டிகிரி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இல்லை, திசை வித்தியாசம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

உண்மையில் வேலை செய்வது டோக்கன். மீன்துறை டோக்கன் கொடுக்கவில்லை என்றால் விசைப்படகு போகாது, அவ்வளவுதான். ராமேஸ்வரத்துப் படகுகள் பெரும்பாலும் ஒரு ராத்திரி போய்த் திரும்புபவை என்பதால் இந்தத் தடை நன்றாகவே பிடிக்கிறது. நாட்டுப்படகு, கரைவலை, ஓலைக்குடா மாதிரி ஊர்களில் வத்தை என்ற சிறு படகு வைத்திருப்பவர்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள், இவர்களிடம் டோக்கன் கணக்கெல்லாம் அந்த அளவுக்குச் செல்லாது. 2017-இல் ஒக்கி புயல் குமரி மீனவர்களை ஆழ்கடலில் பிடித்தபோது அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லாமல் போனது, அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவிகள் வந்தன. 2023 அக்டோபரில் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனையும் இந்த வரிசைதான். உலகம் முழுக்க ஒரே வடிவத்தில் எச்சரிக்கை எழுதி எல்லா டவரிலும் ஒரே நேரத்தில் விடுகிற முறை. நல்ல விஷயம். டவர் இருக்கிற வரைக்கும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவர் கிடையாது.

வங்கதேசம் இதை வேறு மாதிரி சமாளித்தது. போலாவுக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து தொண்டர் படை ஒன்றை உருவாக்கினார்கள், கையில் மெகாபோன், கம்பத்தில் கொடி, சைக்கிள். எழுபதாயிரத்துக்கும் மேல் தொண்டர்கள், அதில் பெண்கள் பெருமளவு. அவர்கள் வீட்டுக்கு வீடு போய், கிழவியைக் கூப்பிட்டு, ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு வா என்பார்கள். 1991-க்குப் பிறகு வந்த பெரிய புயல்களில் அங்கே சாவு ஆயிரங்களுக்குள்ளும் சில சமயம் நூறுக்குள்ளும் இறங்கியதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். நம் கரையிலும் உலக வங்கிக் கடனில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள், தூண் மேல் நிற்கும் பெரிய கட்டடங்கள். ஆனால் கட்டடம் கிழவியைக் கூப்பிடாது. ஒரு மழைக்காலத்தில் நானே ஒரு மையத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன், பூட்டு தொங்கியது, சாவி வைத்திருந்தவர் வேறு ஊரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். பக்கத்துப் பள்ளிவாசல்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

உள்நாட்டு வெள்ளத்தைச் சொல்லாவிட்டால் ராமநாதபுரம் டவுன்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வைகை வந்து பெரிய கண்மாயில் முடிகிறது, மிஞ்சியது ஆற்றங்கரைக்குப் போய்க் கடலில் சேர்கிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர், அவ்வளவு நீளம். வறண்ட ஜில்லா என்று பெயர் வாங்கிய ஊர், ஆனால் 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ-க்கு மேல் கொட்டியது. கடல் ஏறி நிற்கிற நேரத்தில் இப்படிக் கொட்டினால் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாது, கலுங்கு வழிந்தாலும் போக இடம் இருக்காது. இதில் வெளிநாட்டுக்குப் பெரிய வேலை இல்லை, மடையை அடைக்காமல் வைத்திருந்தால் போதும்.

மன்னார் வளைகுடாவின் தீவுகள் மட்டும் வேறு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவு, சுற்றிப் பவளப்பாறை. அலையின் வேகத்தைக் கரைக்கு வெளியிலேயே உடைப்பது அந்தப் பாறைதான். அந்தப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது, இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயே போய்விட்டன. 2002-இலிருந்து ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வழியாக உலகச் சுற்றுச்சூழல் நிதி வந்து பாதுகாப்பு வேலை நடந்தது. பவளத்துக்குக் கொடுத்த காசு என்று நினைத்தார்கள். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் அலைத் தடுப்புக்குக் கொடுத்த காசும் அதுவே.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா வந்தது, ஏமன் கொடுத்த பெயர். மறுபடி அதே பாதை, முதலில் இலங்கை. இந்தத் தடவை அங்கே மலையகம் சரிந்தது, ஆறுகள் பொங்கின, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பில் கடற்படை விழாவுக்குப் போய் நின்றிருந்த விக்ராந்த் கப்பலிலிருந்தே முதல் நிவாரணம் இறங்கியது, 'சாகர் பந்து' என்று பெயர் வைத்து இந்தியா விமானமும் மீட்புப் படையும் அனுப்பியது. நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவே இதெல்லாம் இப்போது மளமளவென்று நடக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாட்களில் இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் மண்டபம் மறுவாழ்வு முகாமில் என்ன நடந்தது என்று பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாரோ ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மன்னாரிலும் வவுனியாவிலும் கண்டியிலும் இருக்கிற சொந்தத்திடம், தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு, காத்து எந்தப் பக்கம், பாலம் நிக்குதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் அந்தச் செய்தியை வைத்துத்தான் சரக்கை மேல் பரணில் ஏற்றினார். டெல்லி அறிக்கைக்கும் அந்தக் கடைக்காரருக்கும் நடுவே இருக்கிற ஓட்டையை அடைத்தது அந்த போன்கள்.

இரண்டு கரைக்கும் காற்றின் பெயர்கூட ஒன்றுதான். வாடை, கொண்டல், சோளகம், கச்சான். மன்னார்க்காரர் 'கச்சான் மாறிப்போச்சு' என்றால் பாம்பன்காரருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இந்த 13 நாட்டுக் குழுவில் வேறு எந்த இரண்டு எதிரெதிர்க் கரைக்கும் இவ்வளவு வசதி இருக்குமா என்று தெரியவில்லை. இருந்தும், மன்னார் மாவட்டப் பேரிடர் அலுவலகமும் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகமும் புயல் ராத்திரியில் நேராகப் பேசிக்கொள்வதில்லை, கொழும்பும் டெல்லியும்தான் பேசும். நடுவில் 1974-இலும் 1976-இலும் போட்ட எல்லைக் கோடு, அதன் மேல் கச்சத்தீவு, படகுப் பிடிப்பு, சிறை. நம் ஆட்களிடமும் தப்பு இருக்கிறது, கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியைப் போட்டு அவர்கள் கடலை அரித்துவிட்டோம் என்று வடக்கு மீனவர்கள் சொல்வதை மறுக்க முடியாது, 2017-இல் இலங்கை அதைத் தடையே செய்துவிட்டது. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் இரண்டு கரை மீனவர்களும் உட்கார்ந்து பேசினார்கள், வலையையும் படகையும் நாட்களையும் பற்றி. காற்றைப் பற்றி உட்கார்ந்து பேசினால் அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

கடலில் ஆபத்தில் சிக்கியவனைக் காப்பாற்றுவது கடமை என்று 1982 கடல் சட்டம் சொல்கிறது, இரண்டு நாடும் ஏற்றுக்கொண்டது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றின் கடலோரக் காவல் படைகளும் 'தோஸ்தி' என்று சேர்ந்து மீட்புப் பயிற்சியும் செய்கின்றன. ஆனால் இன்ஜின் நின்று, வாடையில் அடித்துக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி ஒதுங்கின படகுக்காரனுக்கு அந்த நேரத்தில் வரப்போவது மீட்பா கைதா என்று தெரியாது. அந்தச் சந்தேகத்தில் எதிர்க்கரையில் ஒதுங்காமல், காற்றை எதிர்த்து இந்தப் பக்கமே திரும்பப் பார்ப்பான். புயல் நாளில் அது தற்கொலைக்குச் சமம். எச்சரிக்கை எண் ஏழுக்கு மேல் போனால் எந்தப் படகும் எந்தக் கரையிலும் ஒதுங்கலாம், விடிந்ததும் கணக்குப் பார்க்கலாம் என்று ஒரு வரி எழுதிக்கொள்ள இரண்டு மாவட்டத்துக்கும் என்ன கஷ்டம் என்பது எனக்குப் புரியவில்லை. டெல்லியும் கொழும்பும் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் கஷ்டம், புரியாமல் இல்லை.

போன வாடையில் ஒரு ராத்திரி பாம்பனில் கூண்டு ஏறியிருந்தது. சித்தப்பா எண் என்ன என்று என்னிடம் கேட்டார், மூன்று என்றேன். "சரி" என்றவர் போனை எடுத்து, மன்னார் தீவின் பேசாலையில் இருக்கிற தன் அத்தை மகனைக் கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பில், "மச்சான், அங்க காத்து எங்கேருந்து?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சித்தப்பா போனை மடியில் வைத்துவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு தெற்குவாடிக்குக் கிளம்பினார்.